வரியின் நடுவில் ஒரு மூச்சு

ஜூன் 4, ஞாயிறு

எட்டு மணிப் பூசை. பிரசங்கம் நீளம், சரக்கு குறைவு. பதிலுரைப் பாடலை இன்றும் ரெஜினாதான் பாடினாள். கால் வீங்கிப்போய், தடியை ஊன்றிக்கொண்டுதான் மைக் வரைக்கும் வருகிறாள். ஆனாலும் விட்டுக்கொடுக்கமாட்டாள். ஐம்பது வருடமாக அதே குற்றம்: வரியின் நடுவில் மூச்சு வாங்குகிறாள். எங்கள் போர்டிங்கில் மதர் இம்மாகுலேட் ஒவ்வொருத்தியின் வாய்க்கு முன்னாலும் மெழுகுவத்தியைப் பிடிப்பார். பாடும்போது சுடர் அசையக்கூடாது; காற்புள்ளி வரும்வரை மூச்சும் வாங்கக்கூடாது. வாங்கினால் அன்று மாலை டீ கிடையாது. ரெஜினா படித்தது பங்குக் கோவில் பள்ளிக்கூடம். அங்கே யார் மெழுகுவத்தி பிடித்தார்கள்?

புதிதாக ஆர்கன் வாசிக்க வந்திருக்கும் பெனிட்டா கெட்டிக்காரி. ரெஜினா மூச்சு வாங்குகிறாளே என்று நிற்பதில்லை. வாசித்துக்கொண்டே போகிறாள், கிழவி பின்னால் ஓடிவந்து பிடிக்கவேண்டியிருக்கிறது. சரியான பாடம்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் ஷீபா, "மம்மி, உங்க ரெக்கார்டு பத்திப் பேச ஒருத்தர் விளிச்சார்" என்றாள். எந்த ரெக்கார்டு, யார், நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். ஷீபா கொல்லத்துக்காரி. தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. நான் டயரியைத் தமிழில் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜூன் 6, செவ்வாய்

மீன்காரன் வஞ்சிரம் என்று சொல்லிப் பாறை மீன் துண்டுகளைத் தலையில் கட்டப்பார்த்தான். எடுத்துத் திருப்பிக் காட்டினேன். "உங்க கண்ணுல மண்ணைத் தூவ முடியுமாம்மா" என்று இளித்தான். முடியாது.

அந்த ஆள் மறுபடி போன் செய்தான். பெயர் சந்தானகோபால். பழைய இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்து மறுபடி வெளியிடும் கம்பெனி வைத்திருக்கிறானாம். எங்கள் 'கடைசி பஸ்' ஆல்பத்தை யாரோ இன்டர்நெட்டில் போட்டு, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் கேட்கிறார்களாம். "அம்பது வருஷம் எப்படி ஆன்ட்டி இது யார் கண்ணுலயும் படாமப் போச்சு?" என்றான். நான் அவனுக்கு ஆன்ட்டி இல்லை என்பதை முதலில் தெளிவுபடுத்தினேன். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் வெள்ளிச் சாமான்களை உள்ளே எடுத்து வைக்கவேண்டும்.

ஜூன் 9, வெள்ளி

வந்தான். நாற்பது வயது ஆள், தலையில் கொண்டை. செருப்பை வெளியே விட்டான், அந்த மட்டில் சரி. கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் ஆல்பம் அட்டைக்கு முன்னால் போய், பீடத்துக்கு முன்னால் நிற்பதுபோல் நின்றான். கடல்பச்சை கவுனில், பஸ் நிறுத்தக் கம்பத்தில் சாய்ந்தபடி நான். எழுபத்திரண்டில் எடுத்த படம். "கவர்ல இருக்கறது நீங்கதானா?" என்றான். வேறு யாராக இருக்கும் என்று கேட்டேன்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். என் கணவர் ஹூபர்ட் மிராண்டா மவுண்ட் ரோடு ஓட்டல் ஒன்றில் பியானோ வாசித்தவர். அங்கே வாசித்த ஜாஸ் மெட்டில் தமிழ்ப் பாட்டு எழுதினால் என்ன என்று அவருக்கு ஒரு பைத்தியம். எட்டுப் பாட்டு. தட்டு வெளிவந்தது. ஆங்கிலப் பாட்டுக் கேட்பவர்கள் தமிழா என்று உதட்டைப் பிதுக்கினார்கள். தமிழ்ப் பாட்டுக் கேட்பவர்கள் இது என்ன இழுவை என்றார்கள். கம்பெனியும் மூடிவிட்டது. அவ்வளவுதான் சரித்திரம்.

அவனிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். ரேடியோவிலிருந்து ஒருவர் மூன்று தடவை வீடு தேடி வந்தார், அந்தத் தட்டைப் போடுகிறோம், ஒரு பிரதி கொடுங்கள் என்று. ஹூபர்ட் முடியவே முடியாது என்று திருப்பி அனுப்பினார். என் குரலைக் கேட்க உங்களுக்கு வெட்கமா என்று அன்றைக்குச் சண்டை போட்டேன். அவர் பியானோவில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த ஒரு விஷயத்தில் அவரை நான் மன்னிக்கவில்லை. அவர் ஒருமுறை தலையசைத்திருந்தால் என் பெயர் இன்றைக்கு எங்கேயோ இருந்திருக்கும்.

பாட்டை மறுபடி வெளியிட என் சம்மதம் வேண்டுமாம். முதலில் கேட்கிறேன், பிறகு கையெழுத்து என்றேன். "நீங்க பாடினதுதானே மேடம்?" என்று ஆச்சரியப்பட்டான். நான் அந்தத் தட்டைக் கேட்டதே இல்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது? அச்சடித்ததில் கோளாறு, தட்டு வளைந்திருக்கிறது, உன் காதுக்கு ஆகாது என்று ஹூபர்ட் சொன்னார். நல்ல பிரதி வரும் என்றார். வரவில்லை. இருந்த ஒன்றையும் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். தோற்றுப்போன ஒன்றைத் தேடிப்பிடித்துக் கேட்கிறவள் இல்லை நான்.

ஜூன் 12, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். கொண்டைக்காரனுக்கு நம்பர் கொடுத்ததே ஷீபாதான். ஆபீஸில் யாரோ போனில் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். அட்டையில் மாமியாரைப் பார்த்ததும் அவனுக்கு எழுதியிருக்கிறாள். "மம்மிக்கு சந்தோஷம் ஆகும்னு விசாரிச்சேன்" என்கிறாள். நினைத்தேன் என்பதற்கு அவள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அப்படியானால் அன்றைக்கு ஏன் தோளைக் குலுக்கினாள்? வீட்டுக்குள்ளேயே ஒற்றன்.

தண்ணீர் லாரி வரவில்லை.

ஜூன் 14, புதன்

சந்தானகோபால் ஒரு ஸ்பீக்கரோடு வந்தான். சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டேன். முதல் பாட்டு. ஹூபர்ட்டின் பியானோ. அந்த விரல்களைத் தெரியாதா எனக்கு? கைக்குட்டையை எடுக்க நேர்ந்தது. ஏசி காற்று. குரலும் நன்றாகவே இருந்தது. எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது.

இரண்டாவது, 'கடைசி பஸ்'. 'கடைசி பஸ் போயாச்சு, எனக்கு வருத்தம் இல்லே' என்று ஒரு வரி. அதில், 'எனக்கு வருத்தம்' என்று பாடி, மூச்சு வாங்கி, அப்புறம் 'இல்லே' என்கிறது அந்தக் குரல். நிறுத்தச் சொன்னேன். மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும் அதே.

"இது நான் இல்லை" என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை. நான் வரியின் நடுவில் மூச்சு வாங்கமாட்டேன், தூக்கத்தில்கூட வாங்கமாட்டேன் என்று விளக்கினேன். கம்ப்யூட்டரில் இப்போது எந்தக் குரலை வேண்டுமானாலும் செய்கிறார்கள் என்று பேப்பரில் வந்ததே, அப்படி ஏதோ செய்து என் பெயரில் விற்கப் பார்க்கிறாய் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். பாவம்போல் விழித்தான். "மேடம், ஒரிஜினல் டேப்லேருந்து எடுத்தது. ஒரு இடம்கூட நான் கை வைக்கலை. அதுலயும் அந்த மூச்சு இருக்கே, அதுக்காகத்தான் மேடம் இந்தப் பாட்டையே எல்லாரும் கேக்கறாங்க" என்றான். நல்ல நடிகன்.

ஜூன் 15, வியாழன்

சிலிண்டர் வந்தது. எடை போட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன்.

நாளைக்கு யாராவது கேட்டால் சொல்வதற்காக நடந்ததை எழுதி வைக்கிறேன். வடபழனியில் ஒரு ஸ்டூடியோ, இரண்டு நாள். முதல் நாள் எனக்குக் காய்ச்சல், தொண்டை கட்டிவிட்டது. சினிமாக்காரர்களின் வழக்கம் ஒன்று உண்டு. பெரிய பாடகி வர முடியாவிட்டால், டிராக் பாட ஒருத்தியைக் கூப்பிடுவார்கள். அவள் பாட, வாத்தியக்காரர்கள் சேர்ந்து வாசித்துப் பதிவு செய்வார்கள். பிறகு பாடகி வந்து, ஹெட்போனில் வாத்தியங்களைக் கேட்டுக்கொண்டு தன் குரலைப் பாடிக் கொடுப்பார். டிராக் குரலைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அப்படி முதல் நாள் டிராக் பாட ஹூபர்ட் ரெஜினாவைக் கூப்பிட்டிருந்தார். டெலிபோன் ஆபீஸில் வேலை அவளுக்கு, லீவு நாட்களில் ஸ்டூடியோக்களில் டிராக் பாடிக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் நான் போய் எட்டுப் பாட்டையும் பாடிக் கொடுத்தேன். ஒரே தடவை, ஒரு பிழை இல்லாமல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹூபர்ட் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இதெல்லாம் நடந்தது. நான் கனவு காணவில்லை.

ஜூன் 18, ஞாயிறு

பூசை. ரெஜினா பாடினாள். வழக்கம்போல் நடு வரியில் மூச்சு.

பூசை முடிந்து வாசலில் வந்து கையைப் பிடித்தாள். "ஜசிந்தாக்கா, நம்ம ரெக்கார்டு திரும்ப வருதாமே. ஷீபா சொல்லிச்சு" என்றாள். நம்ம ரெக்கார்டாம். முகத்தைப் பார்த்தேன். சிரித்தாள். எதற்குச் சிரித்தாள்? வெயிலாக இருக்கிறது, வீட்டுக்குப் போகிறேன் என்று வந்துவிட்டேன்.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. ஷீபா மீன்குழம்பில் குடம்புளி போட்டிருந்தாள்.

ஜூன் 20, செவ்வாய்

இன்டர்நெட்டை நம்பவேண்டாம், கொண்டைக்காரனையும் நம்பவேண்டாம். ஐம்பது வருடத்துக்கு முன்னால் அச்சான தட்டில் யாரும் கை வைத்திருக்க முடியாது. அது என் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறதே என்று காலையில் காப்பி ஆற்றும்போது தோன்றியது.

ஷீபா வேலைக்குப் போனதும் சட்டத்தைக் கழற்றினேன். நாற்காலி மேல் ஏறினேன், அவளிடம் சொல்லப்போவதில்லை. பின்பக்கம் ஒட்டுப்பலகை வைத்து, சுற்றிலும் சின்னச் சின்ன ஆணிகள் நெருக்கமாக அடித்திருக்கிறார் ஹூபர்ட். மழைக்கு முன்னால் கூரை வேய்கிறவன்கூட இவ்வளவு ஆணி அடிக்கமாட்டான். படம் மாட்டுவதற்கு ஒரு ஆணியைக்கூட நேராக அடிக்கத் தெரியாத மனிதர். காய் நறுக்கும் கத்தியை வைத்து நெம்பினேன். கத்தி வளைந்துவிட்டது.

அட்டைக்குள் தட்டு இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். வளைவு இல்லை. ஒரு கீறல் இல்லை. கண்ணாடிபோல் இருக்கிறது.

ஜூன் 21, புதன்

வேறு வழியில்லாமல் சந்தானகோபாலையே பிளேயரோடு வரச் சொன்னேன். அவன் தட்டைக் கையில் வாங்கிய விதம் எனக்குப் பிடித்தது. விரல் படாமல், விளிம்பில் மட்டும். ஊசியை வைத்தான்.

'எனக்கு வருத்தம்.' மூச்சு. 'இல்லே.'

அந்த மூச்சு வரும் இடத்தில் சாக்ஸபோன்காரர் வாசிக்காமல் நிற்கிறார். போன தடவை நான் கவனிக்கவில்லை. அவளுக்காக நின்று, அவள் 'இல்லே' என்றதும் மெல்ல வந்து சேர்ந்துகொள்கிறார். வருத்தம் இல்லை என்று சொல்கிறாள், ஆனால் அந்த மூச்சு அதற்குள் வேறு எதையோ சொல்லிவிடுகிறது. சரி. பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மேடம், அன்னிக்கே கேக்கணும்னு நினைச்சேன். டேப்போட இன்னொரு டேப்பும் கெடைச்சுது. அதே பாட்டுங்க, அதே வாசிப்பு, ஆனா குரல் வேற. ஒத்திகைன்னு நினைச்சு விட்டுட்டேன்" என்றான். அதைப் போடு என்றேன். வேண்டாம் மேடம் என்றான். போடு என்றேன்.

போனிலிருந்து போட்டான். அது நான். மதர் இம்மாகுலேட் இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார். ஒவ்வொரு எழுத்தும் சுத்தம். சுருதி இம்மியும் விலகவில்லை. 'எனக்கு வருத்தம் இல்லே' ஒரே மூச்சு. நடுவில் சாக்ஸபோன்காரர் யாருக்காகவோ நிற்கிறார். நான் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஒரு தவறுகூட இல்லை. மறுபடி போடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

அவன் போகும்போது, "இது யாருக்கும் தெரிய வேண்டியதில்ல மேடம். கவர்ல உங்க பேரு இருக்கு, அப்படியே வரட்டும். அடுத்த மாசம் விழாவுல உங்களைத்தான் மேடையில உக்காரவைக்கப் போறோம்" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறான். அதனால்தான் எரிச்சல்.

ஜூன் 22, வியாழன்

ஒன்றும் எழுதுவதற்கில்லை. கத்தியைச் சாணை பிடிக்கக் கொடுத்தேன்.

ஜூன் 24, சனி

பிளேயரைச் சந்தானகோபாலிடம் இரவல் வாங்கி, ஆட்டோ பிடித்து, சூளையில் ரெஜினா வீட்டுக்குப் போனேன். தம்பி குடும்பத்தோடு இருக்கிறாள். முன்னறை அவளுடையது. இத்தனை வருடத்தில் நான் அங்கே போனது இரண்டாம் தடவை. முதல் தடவை அவள் அம்மா இறந்தபோது.

தட்டை வைத்தேன். அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். அந்த வரி வந்தது. கட்டில் விளிம்பில் அவள் விரல் ஒன்று தாளம் போட்டுக்கொண்டிருந்தது, அந்த இடத்தில் நின்றது. பாட்டு முடிந்தது.

"நல்லாப் பாடியிருக்கீங்கக்கா" என்றாள்.

கண்ணை எடுக்காமல் சொன்னாள். ஐம்பது வருடம் பழகிய பொய் அவ்வளவு வழுவழுப்பாக வரும் போலிருக்கிறது.

"நடு வரியில மூச்சு வாங்கியிருக்கு, ரெஜினா. நான் வாங்கமாட்டேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "அதை நான் திருத்திப் பாடறேன்னுதான் சொன்னேன்க்கா. மாஸ்டர்தான், வேணாம், அந்த மூச்சு அப்படியே இருக்கட்டும்னாரு" என்றாள். ஹூபர்ட்டை அவள் மாஸ்டர் என்றுதான் சொல்வாள்.

அந்தக் கேள்வியை நான் கேட்காமலே வந்திருக்கலாம். கேட்டேன். உன் குரலே தட்டில் இருக்கட்டும் என்று முடிவு செய்தது யார், கம்பெனியா, அவரா?

"கம்பெனிதான்" என்றாள் உடனே. முறுக்கு டப்பாவைத் திறக்க முடியாமல் திருகினாள். "கம்பெனிக்காரங்கதான்க்கா. மாஸ்டர் உங்க டேப்புக்காக எவ்வளவோ வாதாடினாரு. சாப்புடுங்க."

கம்பெனி என்று எழுதிக்கொள்கிறேன்.

உனக்கு இத்தனை நாள் ஒன்றும் தோன்றவில்லையா என்று கேட்டேன். டிராக் பாடுகிறவளுக்கு ஏது பேர் என்று சிரித்தாள். எத்தனையோ படத்துக்குப் பாடியிருக்கிறாளாம், எல்லாம் அழித்துவிடுவார்கள், இது ஒன்றுதான் அழியாமல் நின்றது, அதுவே பெரிசு என்றாளாம் அவள் அம்மா. ஹூபர்ட் ஒரு பிரதி கொடுத்தாரா என்று கேட்டேன். இல்லை. வாங்கவும் முடியவில்லை, கடையில் மிஞ்சியதையெல்லாம் அவரே திருப்பி எடுத்துக்கொண்டார் என்றாள். அதைச் சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவரே எடுத்துக்கொண்டார். ரேடியோக்காரரை அனுப்பிவிட்டார். சுற்றிலும் ஆணி அடித்தார். கூடத்தில் அந்த அட்டையைப் பார்த்தபடி, தன் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்று சாகிற வருடம் என்னிடம் சொன்னார். எங்கள் கல்யாணத்தைச் சொல்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

"பேரை மாத்தச் சொல்லப்போறேன்" என்று எழுந்தேன்.

"எதுக்குக்கா இப்போ. கிழவிக்கு வந்த வாழ்வுன்னு ஊரு சிரிக்கும்" என்றாள். நான் ஆட்டோவில் ஏறுவதற்குள் தடியை ஊன்றிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாள். வண்டி கிளம்பும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "போடறதா இருந்தா வெறும் ரெஜினான்னு போட்டுடாதீங்கக்கா. ரெஜினா சவரிமுத்துன்னு போடச் சொல்லுங்க. அப்பா பேரோட."

ஜூன் 27, செவ்வாய்

சந்தானகோபாலுக்கு போன் செய்தேன். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, அட்டை தயார், கடைசி நேரத்தில் பெயரை மாற்றினால் ஜனங்கள் குழம்பிப்போவார்கள் என்றான். குழம்பட்டும் என்றேன். என் பெயரில் இன்னொருத்தியின் குரலை விற்றால் அது பாறையை வஞ்சிரம் என்று விற்பது, அதற்கு என் கையெழுத்து கிடையாது. பிறகு, "உங்களுக்குக் கஷ்டமா இல்லையா மேடம்?" என்றான். எனக்கு வருத்தம் இல்லை என்றேன்.

ஒரே மூச்சில்தான் சொன்னேன்.

"அப்போ கவர் போட்டோவையும் மாத்திடலாமா? அவங்க பழைய படம் ஏதாவது இருக்குமா?" என்று கேட்டான். படத்தில் கை வைத்தால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று சொல்லிவிட்டேன். குரல் யாருடையதோ அவள் பெயரைப் போடு. கவுன் என்னுடையது.

ஜூலை 9, ஞாயிறு

விழா நேற்று நடந்தது. ஓட்டல் காப்பி தண்ணீர். மேடையில் ரெஜினாவைப் பாடச் சொன்னார்கள். பட்டுப்புடவையில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள், ஆனால் பாடினாள். நான் முன்வரிசையில். ஷீபா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எதற்கென்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

பழைய தட்டை ரெஜினாவிடம் கொடுத்துவிட்டேன். அட்டை மறுபடி சட்டத்துக்குள் போய்விட்டது. நான்கு ஆணி போதுமானதாக இருக்கிறது.

இன்று எட்டு மணிப் பூசை. பதிலுரைப் பாடலில் ரெஜினா வரியின் நடுவில் மூச்சு வாங்கினாள். அது தவறு என்பதே இன்றைக்கும் என் கருத்து. பெனிட்டா நிற்காமல் வாசித்துக்கொண்டே போனாள். பூசை முடிந்ததும் படியேறி ஆர்கன் வரைக்கும் போய், அந்தப் பெண்ணிடம் பாட்டுப் புத்தகத்தில் அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். இங்கே நிற்கவேண்டும், அவள் மூச்சு வாங்கி முடிக்கும்வரை நிற்கவேண்டும் என்றேன்.

"எவ்வளவு நேரம் ஆன்ட்டி?" என்றாள்.

நான் அவளுக்கு ஆன்ட்டி இல்லை. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்.